ஆறு தௌ

ஆடிப்பட்டத்து மல்லாட்டை பத்தி எழுதறேன்னு போன முறை சொல்லியிருந்தேன். (நகரத்துல இருக்கறவங்களுக்காக: மல்லாட்டைன்னா நிலக்கடலை. எங்க கடலூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) அது அடுத்த முறை. ஒரு மாசமா என் நகக்கண்ணுல மண்ணுக்குப் பதிலா கிரீஸ்தான் இருக்கு. கொல்லைக்குப் போற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மாட்டுக்கொட்டகை பக்கத்துல ஒரு பழைய எஞ்சினோட போச்சு. அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

எங்க வீடு மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே. கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவுல மாட்டின ஊர் எங்களது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு. காத்து எங்களுக்குப் பெரிசாத் தெரியல. 2011ல தானே புயலைப் பார்த்தவனுக்கு அது காத்தே இல்ல. மழைதான். மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் மேற்கே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கொட்டித் தீர்த்துடுச்சு. டிசம்பர் 2 விடியக்காலை சாத்தனூர் அணையிலருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணி. எங்க ஊர்ல மழை விட்டு வானம் வெளுத்து, இனிமே பயமில்லன்னு நெனச்ச நேரத்துல ஆறு உள்ள வந்துச்சு.

மாட்டை அவுத்து ஓட்டினோம், விதைநெல்லைப் பரண்ல ஏத்தினோம், ரேஷன் கார்டும் பத்திரமும் இருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கினோம். காரை யாரும் நெனக்கல. ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தா கொட்டகையில பானெட்டு மேல சேறு காஞ்சு வெடிச்சிருந்துச்சு.

கார்னா அம்பாசடர். 1984 மாடல் மார்க் 4, பெட்ரோல் எஞ்சின். 1995ல நெல்லிக்குப்பம் ஆலைக்கு வெட்டி அனுப்புன கரும்புப் பணத்துல, மஞ்சக்குப்பத்துல ரிட்டையர் ஆன ஒரு ஆபீசர்கிட்ட வாங்கினது. அப்ப எங்க தெருவுல வேற காரே கிடையாது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008ல. அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் ராத்திரியில யாருக்கு என்ன ஆனாலும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, இல்லன்னா ஜிப்மர். 1999ல ஒரு பொண்ணை ஜிப்மருக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்ப தவளக்குப்பம் தாண்டறதுக்குள்ள பின்சீட்டுலயே பையன் பொறந்துட்டான். எங்க அப்பாவையும் அதே பின்சீட்டுல வெச்சுதான் கூட்டிக்கிட்டுப் போனேன், அதே சீட்டுலதான் திரும்பக் கொண்டாந்தேன். அதைப் பத்தி இப்ப வேணாம்.

என் பையன் சென்னையில வேலை பார்க்கறான். போன்லயே சொல்லிட்டான், "அப்பா, எடைக்குப் போட்டுடுங்க. உத்தர்பாராவுல 2014லயே கம்பெனியை மூடிட்டான். இனிமே ஸ்பேர் எங்க தேடுவீங்க?" அவன் சொல்றதுலயும் தப்பு இல்ல. ஆனா அவனேதான் ஒருநாள் தேடிப் பார்த்துட்டு, "அப்பா, உங்க வண்டியில இருக்கற 1489 சிசி எஞ்சின் எம்.ஜி.ஏன்னு ஒரு வெள்ளக்காரன் ஸ்போர்ட்ஸ் காருக்கும் போட்டிருக்கான்"னு சிரிச்சுக்கிட்டு சொன்னான். எனக்கு முதல்ல எம்.ஜி.ஆர்னு காதுல விழுந்துச்சு. எப்படியோ, அன்னையிலருந்து எடைக்குப் போடற பேச்சு நின்னுது.

வெள்ளத்துல முழுகின வண்டியைச் சாவி போட்டுத் திருப்பக்கூடாது. இது எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய விஷயம், மாருதியா இருந்தாலும் சரி, இன்னோவாவா இருந்தாலும் சரி. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டர் உள்ள தண்ணி நிக்கறப்ப ஸ்டார்ட்டர் அடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். நான் நாலு பிளக்கையும் கழட்டிட்டு ஃபேனைக் கையால திருப்பினேன். கருப்பட்டிக் காப்பி மாதிரி தண்ணி வந்துச்சு. ஓட்டைக்கு ஓட்டை டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி மூடி வெச்சேன். அதுக்கு மேல முடியல. சம்பா நெல்லு பூட்டை கட்டற நேரத்துல சேத்துல படுத்துக் கிடக்குது, மோட்டார் போயிடுச்சு, வீட்டுச் சுவர் ஒரு பக்கம் இறங்கிடுச்சு. இதெல்லாம் முடிஞ்சு காரைப் பார்க்கப் போனப்ப சித்திரை வந்துடுச்சு. அதுதான் நான் பண்ண தப்பு. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தா மூணாவது சிலிண்டர்ல தண்ணி நின்ன மட்டம் கோடு போட்ட மாதிரி துரு. நகத்தால தடவினா நகம் மாட்டுது.

அந்த பிளாக் ஏற்கெனவே 2006ல 20 ஓவர்சைஸ் ரீபோர் ஆனது. ஓவர்சைஸ்னா என்னன்னு சொல்லிடறேன். சிலிண்டர் தேய்ஞ்சு போனா அதைக் கொஞ்சம் பெரிசா கடைஞ்சு, அதுக்கேத்த பெரிய பிஸ்டன் போடுவாங்க. 20ன்னா 20 தௌ. ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு தௌ. நம்ம தலைமுடி கனம் ரெண்டு, மூணு தௌ வரும். பட்டறை வழக்குல எல்லாமே தௌ கணக்குதான், மில்லிமீட்டர் எல்லாம் ஷோரூம்ல. இப்ப துருவை எடுக்க 40க்குப் போகணும். எனக்குக் கிடைச்ச பிஸ்டன்ல 40தான் கடைசி. அதுக்கு மேல கடைய முடியாது, ஸ்லீவ் அடிக்கணும். அது வேற செலவு. என்கிட்ட பணம் இருந்ததே ஒரு தடவைக்குத்தான்.

இங்க பாயைப் பத்திச் சொல்லணும். 1986ல பத்தாவது முடிச்சுட்டு ரெண்டு வருஷம் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல பாய் ஒர்க்‌ஷாப்ல எடுபிடியா இருந்தேன். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறது, டீ வாங்கறது, பார்ட்ஸைக் கெரசின்ல கழுவறது. அப்புறம் அப்பாவுக்கு முடியாம நிலத்துக்குத் திரும்பிட்டேன். பாய்க்கு இப்ப எண்பதை ஒட்டி வயசு. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்துல அவர் மகன் மொபைல் கடை வெச்சிருக்கார். ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது. ஆனாலும் எஞ்சின் இறக்கறேன்னு சொன்னதும் அடுத்த நாளே மகனோட ஸ்கூட்டர்ல வந்து எங்க கொட்டகையில நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். வேலை என் கை, புத்தி அவருது.

பிளாக்கைக் குட்டியானையில ஏத்தி ஒரு போரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வண்டியை ஓட்டினது தவளக்குப்பத்துல பொறந்தவன். பாதி வாடகைதான் வாங்கினான், முழுசா வேணாம்னு சொல்ல டீசல் விலை விடல. பத்து நாள்ல பிளாக் திரும்பி வந்துச்சு. நாலு சிலிண்டரும் கண்ணாடி மாதிரி, உள்ள ஹோனிங் கோடு சன்னமாக் குறுக்கும் நெடுக்கும். பார்க்கவே ஆசையா இருந்துச்சு.

அடுத்தது ரிங். பிஸ்டன் ஒண்ணுக்கு நாலு ரிங், மூணு கம்ப்ரெஷன், ஒரு ஆயில் ரிங். ஆக மொத்தம் பதினாறு. ரிங்னா முழு வளையம் இல்ல, ஒரு இடத்துல வெட்டு விட்டிருக்கும். வளையல்காரர் ரப்பர் வளையலை விரிச்சு மாட்டுவாரே, அந்த மாதிரி. வெட்டு இருக்கறதாலதான் அது சுருங்கி சிலிண்டர் சுவரை எப்பவும் ஒட்டிக்கிட்டே இருக்கும். 1850கள்ல ராம்ஸ்பாட்டம்னு ஒரு இங்கிலீஷ் ரயில் எஞ்சினியர் கண்டுபிடிச்சது. இன்னி வரைக்கும் கார், டிராக்டர், பம்ப்செட் எல்லாத்துக்கும் அதேதான்.

ரிங்கை சிலிண்டர் உள்ள வெச்சதுக்கப்புறம் அந்த வெட்டுல எவ்வளவு இடம் மிச்சம் இருக்குங்கறதுதான் கேப். இதுலதான் பயமே. சின்ன வயசுல எங்க ஊர்ப் பட்டறையில மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறதைப் பார்த்திருக்கேன். பட்டா சக்கரத்தை விடச் சின்னதா இருக்கும். வறட்டியும் விறகும் அடுக்கிப் பழுக்கக் காய்ச்சினா பெரிசாயிடும், அப்ப மாட்டித் தண்ணி ஊத்துவாங்க, சுருங்கிக் கவ்விக்கும். ரிங்குக்கும் அதே குணம்தான். எஞ்சின் ஓட ஓட சூடாகி நீளும். சிலிண்டர் சுவரை விட ரிங் நூறு டிகிரி கூடச் சூடாச்சுன்னா என் எஞ்சின் அளவுக்கு 10 தௌ நீளும். கேப் இல்லன்னா நீள எங்க போகும்? ரெண்டு முனையும் முட்டிக்கும். முட்டினதும் வெளிப்பக்கமா நெம்பும், சுவரைக் கீறும், இல்ல ஒடியும். கேப் கூடிப்போனா அவ்வளவு ஆபத்து இல்ல. கம்ப்ரெஷன் கொஞ்சம் கசியும், ஆயில் குடிக்கும். பாய் அந்தக் காலத்துல சொல்வார்: "கூட இருந்தா புகை, கொறைச்சலா இருந்தா பகை."

மோரிஸ் காலத்து புக்குல இந்த எஞ்சினுக்கு 8லருந்து 13 தௌ வரைக்கும்னு போட்டிருக்கு. பட்டறைக் கணக்குல போர் ஒரு அங்குலத்துக்கு மூணு, நாலு தௌ. ரெண்டும் ஒத்துப்போகுது.

நான் இதுக்கு இவ்வளவு பயப்படறதுக்குக் காரணம் இருக்கு. 1993 சித்திரை. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, விழுது இறங்கற நேரம். கரண்ட் இணைப்பு இன்னும் வரல, 5 எச்.பி. ஆயில் எஞ்சின்தான். அது புகை தள்ளி இழுக்காமப் போச்சு. ரெண்டு வருஷம் ஒர்க்‌ஷாப்ல இருந்தவன்ங்கற திமிர் எனக்கு. பாய் ஒரு கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார், காத்திருக்கப் பொறுமை இல்ல. புது ரிங் செட் வாங்கி, பாக்கெட்டைப் பிரிச்சு, அளவே பார்க்காம அப்படியே மாட்டினேன். புதுசு தானே, கம்பெனிக்காரனுக்குத் தெரியாதான்னு நெனப்பு. முக்கால் மணி நேரம் நல்லா ஓடுச்சு. வாய்க்கால்ல தண்ணி ஓடறதைப் பார்த்துட்டு அப்பா மடை மாத்தப் போனார். அப்புறம் ஒரு சத்தம். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. கழட்டிப் பார்த்தா மேல் ரிங் மூணு துண்டு, லைனர்ல மேலருந்து கீழ வரைக்கும் கோடு. புது லைனர் செட் வாங்கிப் போட பதினஞ்சு நாள் ஆச்சு. அந்தப் பதினஞ்சு நாளும் வெயிலு. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. கொடியைப் பிடுங்கி மண்ணை உதறி மாட்டுக்குப் போட்டார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒரு கட்டு. அதைப் பார்க்கறதுக்குத் திட்டியிருக்கலாம்னு இருந்துச்சு.

சரி, இப்பத்தியக் கதைக்கு வரேன்.

கேப் அளக்கறதுக்கு ரிங்கை சிலிண்டர்ல வெச்சு, பிஸ்டனைத் தலைகீழாக் கவுத்து ஒரு அங்குலம் உள்ள தள்ளணும். அப்பதான் ரிங் கோணாம நிக்கும். அப்புறம் ஃபீலர் கேஜ் தகட்டை வெட்டுல விட்டுப் பார்க்கணும். முதல் சிலிண்டர் 12. ரெண்டாவது 12. மூணாவது 12. நாலாவது 12, ஒரு ரிங் மட்டும் 13. பாய் நாற்காலியில இருந்தபடியே, "நல்லா இருக்குப்பா, மாட்டு"ன்னார். புதுசாக் கடைஞ்ச போர்ல மேல அளந்தா போதும், கீழயும் அதேதான் இருக்கணும்.

மூணாவது சிலிண்டர்ல கடைசி ரிங்கைப் பார்க்கறப்ப வீட்டுக்காரி மோர் கொண்டாந்து, "ஏங்க, கன்னுக்குட்டி கட்டு அவுந்துகிச்சு"ன்னா. திரும்பினதுல கை அழுத்தி, பிஸ்டன் ரிங்கோட கீழ வரைக்கும் போயிடுச்சு. கன்னைப் பிடிச்சுக் கட்டிட்டு வந்து, மேல இழுக்கச் சோம்பல்பட்டு அங்கேயே டார்ச் அடிச்சு அளந்தேன். 12 போகல. 10 போகல. 8 போகல. 6 இறுக்கமா போச்சு.

பாய்கிட்டச் சொன்னேன். "அரம் எடு, ரெண்டு இழுப்பு இழு, சரியாப் போயிடும்"ன்னார். அது வழக்கமா செய்யறதுதான். ரிங் முனையைச் சன்ன அரத்தால தேய்ச்சுக் கேப் கூட்டுவாங்க. ஒரு முனையை மட்டும், வெளியிலருந்து உள்பக்கமா. எனக்கே சொல்லிக் குடுத்தவர் அவர்தான். ஆனா எனக்குக் கை வரல. "அதே ரிங் மேல 12 காட்டுது பாய்"ன்னேன். "காட்டட்டுமே. கீழ 12 வெச்சா மேல 18 வரும். ஓடும். கொஞ்சம் ஆயில் குடிக்கும், அவ்வளவுதானே"ன்னார். அந்தப் பட்டறைக்காரங்களோட அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். அவங்க வேலையில குறை சொல்ற பேச்சு அவர் வாயில வராது.

ராத்திரி தூக்கம் வரல. எந்திரிச்சுத் தினசரி காலண்டர்ல பழைய தாளைக் கிழிச்சுக் கணக்குப் போட்டேன். பத்தாவதுல எங்க கணக்கு வாத்தியார் பெரம்பு வெச்சுக்கிட்டுச் சொல்லிக் குடுத்தது, சுற்றளவு சமம் பை பெருக்கல் விட்டம். அப்ப இதெல்லாம் எதுக்குன்னு நெனச்சிருக்கேன். ரிங் சிலிண்டர் சுவரைச் சுத்தி ஒட்டிக்கிட்டுப் போகுது. அப்ப சிலிண்டர் விட்டம் 1 தௌ குறைஞ்சா சுத்தளவு மூணு தௌவுக்கு மேல குறையும், கேப்பும் அவ்வளவு குறையும். மேல 12, கீழ 6. வித்தியாசம் 6. மூணே சொச்சத்தால வகுத்தா ரெண்டு தௌவுக்குக் கொஞ்சம் கீழ. அதாவது மூணாவது சிலிண்டர் அடியில ரெண்டு தௌ ஒடுக்கமா இருக்கு. பானை மாதிரி இல்ல, புனல் மாதிரி.

இதைக் கண்டுபிடிச்சதும் வேர்த்துடுச்சு. ரிங்கை நான் தேய்ச்சுடலாம். பிஸ்டனை என்ன பண்றது? பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல விடற இடமே ஒன்றரை, ரெண்டு தௌதான். அடியில ரெண்டு தௌ ஒடுக்கம்னா அங்க இடமே இல்ல. அலுமினியம் பிஸ்டன், இரும்பை விட ரெண்டு பங்குக்கிட்ட விரியும். முதல் நூறு கிலோமீட்டர்லயே கவ்வியிருக்கும். ரிங்குல தப்பு இல்ல, அது போர்ல இருக்கற தப்பைக் காட்டுது. அரத்தை எடுத்திருந்தேன்னா, அதுவும் காட்டாமப் போயிருக்கும். இன்னொண்ணும் தோணுச்சு. 40தான் கடைசி. பட்டறைக்காரர் மறுபடி மெஷின்ல மாட்டி மேலயும் சேர்த்துக் கொஞ்சம் எடுத்துட்டாருன்னா மேல பெரிசாயிடும், அப்ப பிஸ்டன் ஆடும். ஸ்லீவ்தான். அடியில மட்டும் எடுக்கணும்.

காலையில தாளை எடுத்துக்கிட்டு பாய் வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசனை. நாப்பது வருஷமா அவர் சொன்னதை மறுத்துப் பேசினது இல்ல. தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார், கணக்கு அவருக்கு முக்கியம் இல்ல. "மூணாவதுல மட்டுமா?"ன்னார். ஆமாம்னேன். "மத்ததுல கீழ பார்த்தியா?" பார்த்தேன், 11, 12னு இருக்கு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் உள்ள பார்த்து, "ஏம்மா, என் சட்டையக் குடு"ன்னார்.

மறுபடி குட்டியானை. இந்தத் தடவை பாய் முன் சீட்டுல. பட்டறைக்காரர், "வாங்க பாய், என்னா இவ்வளவு தூரம்"னு எந்திரிச்சார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாய் சொன்னார்: "ஒண்ணும் இல்ல தம்பி, எனக்குக் கண்ணு சரியில்ல. நான் அளந்தது சரியான்னு சந்தேகமா இருக்கு. உன் டயல் கேஜை ஒருக்கா மூணாவதுல விட்டுக் காட்டேன், மனசு ஆறிடும்."

அளந்தது நான். அவர் தொடவே இல்ல.

வேலைக்காரப் பையன் கேஜை விட்டான். மேல முள்ளு பூஜ்யத்துல வெச்சான். நடுவுல அரை தௌ உள்ள. கீழ இறக்க இறக்க முள்ளு நகர்ந்து ரெண்டுல நின்னுது. பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி முள்ளைப் பார்த்தார். அவரே வாங்கி ஒருதரம் விட்டுப் பார்த்தார். ரெண்டுதான்.

காரணமும் அவரே சொன்னார். ஹோனிங் கல்லு சிலிண்டர் அடியைத் தாண்டி கொஞ்சம் வெளிய போய் வரணும், அப்பதான் அடி வரைக்கும் ஒரே அளவா அறுக்கும். இந்த எஞ்சினுக்கு மெயின் பேரிங் மூணுதான், நடுவுல உள்ளது ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் இடையில. அந்தப் பேரிங்கைத் தாங்கற இரும்பு இடிக்கப்போகுதுன்னு பையன் கல்லை முன்னாடியே நிறுத்தி நிறுத்தி இழுத்திருக்கான். அடி அறுபடல. பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு 1993ல என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு தோணுச்சு. பதினெட்டு வயசு இருக்கும் அவனுக்கு.

"உட்காருங்க பாய், இப்பவே பார்த்துடறேன்"னு முதலாளியே கையில எடுத்தார். நான் பக்கத்துல நின்னு, "அண்ணே, மேல மட்டும் தொட வேணாம், 40தான் கடைசி"ன்னேன். "தெரியும்பா"ன்னார், கொஞ்சம் சூடா. அடியில மட்டும் கல்லைக் குட்டையா ஓட்டி, நிறுத்தி, துடைச்சு, கேஜ் விட்டு, மறுபடி ஓட்டி. ஒன்றரை மணி நேரம். பாய் ஸ்டூல்ல உட்கார்ந்து அவங்க அப்பா காலத்துல பெல்ட்ல ஓடின லேத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார். கடைசியில பிஸ்டன், ரிங் ரெண்டையும் அங்கேயே விட்டுப் பார்த்தோம். மேல 12, நடுவுல 12, கீழ 11. காசு வாங்கல. டீ வாங்கிக் குடுத்தார். பையனுக்கும் சேர்த்துதான்.

திரும்பி வர்றப்ப பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பை கணக்கு, எனக்கும் ஒருநாள் சொல்லிக் குடு." கிண்டலா நிஜமான்னு எனக்கு இன்னும் தெரியல.

மாட்டறதுல பெரிசா கதை இல்ல. வெட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டுல வராம சுத்திலும் தள்ளித் தள்ளி வெச்சோம், இல்லன்னா காத்து நேரா இறங்கிடும். பேரிங், கேஸ்கட், ஆயில் சீல், கார்பரேட்டர் கிட், பேட்டரி எல்லாம் சேர்த்து நாப்பதாயிரத்துக்குப் பக்கத்துல வந்துச்சு. எள்ளு வித்த காசு அப்படியே போச்சு. வீட்டுக்காரி இதைப் படிக்கமாட்டாங்கற தைரியத்துல எழுதறேன், அவகிட்ட முப்பதுன்னுதான் சொல்லியிருக்கேன்.

போன வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணோம். நாலாவது இழுப்புல பிடிச்சுது. வெள்ளையாக் கொஞ்சம் புகை வந்து, அது மாட்டின ஆயில் எரியறது, ரெண்டு நிமிஷத்துல நின்னுது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் 50க்கு மேல ஓட்டக்கூடாது, ஆனா ஒரே வேகத்துலயும் ஓட்டக்கூடாது, ஐநூறுல ஆயில் மாத்தணும். ஞாயித்துக்கிழமை பாயை முன் சீட்டுல வெச்சுக்கிட்டு தேவனாம்பட்டினம் வரைக்கும் போனேன். வழியில ஷேர் ஆட்டோவெல்லாம் எங்களைத் தாண்டிப் போச்சு. டவுன்பஸ்காரன் ஒருத்தன் பின்னாடி ஆரனை எடுக்கவே இல்ல. நான் காதை எஞ்சின்ல வெச்சுக்கிட்டு ஓட்டினேன், மூணாவது சிலிண்டரை மட்டும் தனியாக் கேக்கற மாதிரி.

கடற்கரையில நிறுத்தி, ஓடிக்கிட்டிருக்கறப்பவே பானெட்டைத் தூக்கச் சொன்னார். ஆயில் மூடியைத் திறந்து அந்த ஓட்டை மேல உள்ளங்கையை வெச்சார். ரிங் சரியில்லன்னா அதுல காத்து குத்தும், கையைத் தள்ளும். கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் வெச்சிருந்தார். அப்புறம் கையை எடுத்து வேட்டியில துடைச்சுக்கிட்டு, மூடியை என்கிட்டக் குடுத்தார்.

"மல்லாட்டை போட்டுட்டியா?"ன்னார்.

இன்னும் இல்ல பாய்னேன்.